இந்த மெட்டு யார் வீட்டுச் சொத்து?

அருள்மொழிவர்மனுக்குப் போட்ட பாட்டு டெல்லி கோர்ட்டில் நின்றது. தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரோ ஒரு கம்பெனி யூடியூபில் உரிமை கேட்கிறது. மெட்டு திருடப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது? சங்கீதம் விளைந்த டெல்டாவிலிருந்து பார்த்தால் இந்த வழக்குகள் வேறு மாதிரி தெரிகின்றன.

மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் புஷ்ய பகுள பஞ்சமி, தியாகராஜர் ஆராதனை நாள். திருவையாற்றில் காவிரிக்கரைப் பந்தல் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. வித்வான்கள் எதிரும் புதிருமாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் வயலின்களும் புல்லாங்குழல்களும் மிருதங்கங்களும். மேடையில் சபாக்களின் நட்சத்திரம் ஒருவர். அவருக்கு ஒரு முழம் தள்ளி, பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டு டீச்சர். நாட்டையில் முதல் கீர்த்தனை எழும்புகிறது. பிறகு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. இத்தனை தொண்டைகளும் ஒரே மெட்டில் போகின்றன. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பந்தல் ஓரத்தில் நீட்டிய கைகளில் செல்போன்கள், பாதி பேர் லைவ் போடுகிறார்கள்.

தியாகராஜர் சித்தியடைந்தது 1847-ல். அவர் பாட்டு ஊர்ச்சொத்து, உலகச் சொத்து. ஆனாலும் அதே கீர்த்தனையைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடி யூடியூபில் ஏற்றுகிறவருக்கு ஒரு செய்தி வந்து விழலாம்: உங்கள் வீடியோவில் காப்புரிமை உள்ள இசை இருக்கிறது, விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். கர்நாடக சங்கீதக்காரர்கள் பல வருடமாகப் புலம்பும் விஷயம் இது. யார் அந்த உரிமையாளர்? அதே கீர்த்தனையை எப்போதோ ஆல்பமாகப் போட்ட ஒரு கம்பெனி.

மெட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி இன்று தமிழ்நாட்டில் டீக்கடை வரை வந்துவிட்டது. இளையராஜாவின் நோட்டீஸ்களைப் பற்றிக் கருத்து இல்லாதவர் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் வேறு வகை. 'குணா' பாட்டை 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பயன்படுத்தியபோது, அது யாருடைய பாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அனுமதி தர வேண்டியவர் இசையமைப்பாளரா, ஆடியோ கம்பெனியா என்பதுதான் சண்டை. 'இது என் மெட்டு, நீ மாற்றிப் போட்டிருக்கிறாய்' என்கிற சண்டை அதைவிடச் சிக்கலானது. அந்தச் சண்டைக்குச் சமீபத்திய பெரிய உதாரணம் சோழநாட்டுக் கதையிலிருந்தே வந்தது.

சிவனைப் பாடியது, சோழனைப் பாடியது

'பொன்னியின் செல்வன்-2' வெளியானது 2023 ஏப்ரல் 28. அதில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'வீரா ராஜ வீரா'. அதைக் கேட்ட துருபத் பாடகர் உஸ்தாத் ஃபையாஸ் வாசிஃபுதீன் டாகர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன் தந்தை நாசிர் ஃபையாசுதீனும் பெரியப்பா நாசிர் ஜாஹிருதீனும் - ஜூனியர் டாகர் பிரதர்ஸ் - அடானா ராகத்தில் அமைத்த 'சிவ ஸ்துதி'யின் மெட்டு இது என்பது அவர் வாதம். சகோதரர்கள் அதை 1978-ல் ஆம்ஸ்டர்டாமில் பாடியிருந்தார்கள். பிறகு ஆல்பமாகவும் வந்தது.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? சிவ ஸ்துதி துருபத் மரபில் வழிவழியாக வருவது, தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. தங்கள் பாட்டோ மேற்கத்திய முறையில் 227 அடுக்குகள் கொண்டு கட்டிய தனிப் படைப்பு. படத்தின் டைட்டிலில் டாகர்வாணி மரபு துருபத்தை அடிப்படையாகக் கொண்டது என்றும் போட்டிருக்கிறோம்.

2025 ஏப்ரல் 25 அன்று நீதிபதி பிரதிபா எம்.சிங் இடைக்கால உத்தரவு போட்டார். ராகம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ராகத்துக்குள் ஒருவர் சுயமாக அமைத்த உருப்படிக்குக் காப்பு உண்டு. இரண்டையும் சாதாரண ரசிகரின் காதால் கேட்டால் ஸ்வரத்திலும் பாவத்திலும் ஒன்றாகவே இருக்கிறது என்றார். டாகர் சகோதரர்களின் பெயரைப் போட வேண்டும், இரண்டு கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், வழக்குச் செலவுக்கு இரண்டு லட்சம் தர வேண்டும் என்பது உத்தரவு.

ஐந்தே மாதத்தில் கதை திரும்பியது. 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதிகள் சி.ஹரிசங்கர், ஓம் பிரகாஷ் சுக்லா அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. மெட்டு ஒன்றா, வேறா என்கிற பேச்சுக்குள்ளேயே அமர்வு போகவில்லை. அதற்கு முன்னாலேயே நின்று ஒரு கேள்வி கேட்டது: டாகர் சகோதரர்கள் இதைப் பாடினார்கள், சரி; அவர்கள்தான் இதை அமைத்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆல்பம் உறையில் பாடகர் என்று பெயர் இருப்பது அமைத்தவர் என்பதற்குச் சான்று ஆகாது.

ரஹ்மான் ரசிகர்கள் கொண்டாடினார்கள், எதிர்முகாம் கோபப்பட்டது. என் பார்வையில் அமர்வு கேட்ட இந்தக் கேள்வி ரஹ்மானையும் டாகரையும் தாண்டிப் போகிறது. காவிரிக்கரையில் குரு வாயிலிருந்து சிஷ்யன் காதுக்கு வந்த சங்கீதம் அத்தனையின் வாசலிலும் வந்து நிற்கிறது.

பாடாந்தரம் என்கிற வில்லங்கம்

தியாகராஜர் தன் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திப் புத்தகம் போடவில்லை. சிஷ்யர்கள் கேட்டுப் பிடித்தார்கள். அதில் உமையாள்புரம் வழி ஒன்று, தில்லைஸ்தானம் வழி ஒன்று, வாலாஜாபேட்டை வழி ஒன்று. திருவையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தில்லைஸ்தானம். அங்கே ஒரு கீர்த்தனை எடுக்கும் இடம் ஒன்று, உமையாள்புரத்தில் வேறொன்று. இப்படி வழிக்கு வழி மாறும் பாடம்தான் பாடாந்தரம். பின்னால் வந்த வித்வான்கள் ஆளுக்கு நாலு சங்கதி சேர்த்தார்கள். இன்று கச்சேரியில் கைதட்டு வாங்கும் சங்கதி தியாகராஜருடையதா, அவருக்கு மூன்று தலைமுறை தள்ளி வந்தவருடையதா என்று நீதிமன்றம் கேட்டால் யார் பதில் சொல்வது?

பெயரைப் பாதுகாக்க அந்தக் காலத்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. தியாகராஜர் தன் பெயரைச் சரணத்தில் வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்றார், சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்றார். திருவாரூரில் பிறந்த மூவரும் பாட்டுக்குள்ளேயே முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். ஆனால் முத்திரை ஒட்டியிருப்பது சாகித்தியத்தில். மெட்டை மட்டும் உருவி எடுத்தால் முத்திரையும் உதிர்ந்துவிடும். சினிமா எடுப்பது மெட்டை.

சீர்காழி மூவரின் கதை இன்னும் மோசம். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாட்டுகள் ஏட்டிலும் அச்சிலும் பிழைத்தன. மெட்டுகளில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று நாம் கேட்பதில் பல இருபதாம் நூற்றாண்டு வித்வான்கள் புதிதாகப் போட்டவை. பாட்டு முந்நூறு வருடப் பழசு, மெட்டுக்கு இன்னும் காப்புரிமை உயிரோடு இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் 'பழைய பாட்டுதானே' என்று எடுத்துப் போடுகிறவர்கள் அதிகம்.

கடன் வாங்குவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை, கேவலமும் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியம் முழங்கியது. தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளை எடுத்துச் சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று சொல்லும் அந்த உருப்படிகள் சுமார் நாற்பது. அவற்றில் ஒன்று, இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு! அதைக் கேட்டு யாரும் தீட்சிதரைத் திருடர் என்று சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்பது மறைக்கப்படவில்லை. அந்த வகையின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

┌ பெட்டி: எந்த மெட்டு எப்போது விடுதலை?
▪ இந்தியச் சட்டப்படி (1957) இசைப் படைப்புக்குக் காப்பு: அமைத்தவரின் ஆயுள், அதன் மேல் 60 வருடம். கணக்கு அவர் இறந்ததற்கு அடுத்த ஜனவரி 1-ல் தொடங்குகிறது.
▪ திருவாரூர் மூவர் 1827, 1835, 1847-ல் மறைந்தவர்கள். முழு விடுதலை.
▪ போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் மெட்டுகளுக்கு 2033 முடியும்வரை காப்பு.
▪ ஆண்டாளின் திருப்பாவை எல்லோருக்கும் சொந்தம். அதற்கு மெட்டமைத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மறைந்தது 1967. அந்த மெட்டுகளுக்கு 2027 முடியும்வரை காப்பு.
▪ ஒலிப்பதிவுக்குத் தனிக் கணக்கு: வெளியான வருடத்துக்குப் பின் 60 வருடம்.
▪ 1994 திருத்தத்துக்கு முன் இசைப் படைப்பு என்றால் எழுத்தில் அல்லது அச்சில் இருக்க வேண்டும். இப்போது ஸ்வரம் எழுதாத மெட்டும் படைப்புதான்.
└

மெஷினுக்குக் காது உண்டா?

காப்பியைக் கண்டுபிடிப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எளிது, மற்றது கடினம்.

எளிதானது, ஒரே ஒலிப்பதிவைக் கண்டுபிடிப்பது. ஷஜாம் செயலிக்காக ஏவரி வாங் 2003-ல் விளக்கிய முறை இன்றும் பேசப்படுகிறது. ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். இரண்டிரண்டு புள்ளியாக இணைத்து, இடைவெளியை எண்ணாக மாற்றிச் சேமிப்பார்கள். கோடிக்கணக்கான பாட்டுகளில் அதே எண் வரிசை எங்கே இருக்கிறது என்று தேடினால் நொடியில் விடை. கல்யாண மண்டபத்து இரைச்சலிலும் அகப்பட்டுவிடும். ஆனால் அதே பாட்டை வேறொருவர் பாடினால் புள்ளிகள் மாறிவிடும், முறை தோற்றுவிடும்.

கடினமானது மெட்டைக் கண்டுபிடிப்பது. குரல், சுருதி, காலப்பிரமாணம் எல்லாம் மாறினாலும் உள்ளே ஓடும் கோடு ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில். முதலில் இருவரின் ஆதார ஷட்ஜத்தைக் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். பிறகு வேகத்தை இழுத்தும் சுருக்கியும் பொருத்த வேண்டும். பார்சிலோனாவில் சேவியர் செர்ரா 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் இதில் நிறைய வேலை செய்தது. கர்நாடக சங்கீதப் பக்கத்துக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழு கைகொடுத்தது.

நம் சங்கீதத்தில் இதற்கு மேல் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது. மேலும் கீழும் போய் வந்தால்தான் அது தோடி. எழுதினால் 'க' என்ற ஒற்றை எழுத்து, பாடினால் ஒரு முழு அசைவு. தவிர, தோடியில் யார் எது அமைத்தாலும் சில பிடிகள் வந்தே தீரும். இரண்டு தோடி உருப்படிகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஒற்றுமை இருக்கிறது என்றுதான் சொல்லும். அது ராகத்தின் பொதுச் சொத்து. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒற்றுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'சாதாரண ரசிகரின் காது' என்ற அளவுகோல் எனக்கு உறுத்துவது இங்கேதான். சங்கீதப் பழக்கம் இல்லாத காது ராக ஒற்றுமையையே மெட்டு ஒற்றுமையாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாகஸ்வர வித்வானையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பது நல்லது.

திருவையாற்றுக் கீர்த்தனைக்கு உரிமை கேட்கும் கதைக்கு வருவோம். யூடியூப் 2007-ல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி, ஒலிப்பதிவை மட்டுமல்லாமல் மெட்டையும் ஒப்பிடும். கம்பெனி தன் கீர்த்தனை ஆல்பத்தை 'எங்கள் சொத்து' என்று ஏற்றி வைத்திருக்கும். நீங்கள் அதே கீர்த்தனையைப் பாடினால் மெஷின் 'ஒன்றேதான்' என்று கை காட்டும். மெஷின் சொன்னது உண்மை, மெட்டு ஒன்றேதான்! கம்பெனிக்குச் சொந்தம் அந்த ஒலிப்பதிவு மட்டுமே, மெட்டு இல்லை என்பதை மெஷினிடம் யாரும் சொல்லவில்லை. கோளாறு கருவியில் இல்லை. அதில் சொத்துக்கணக்கு எழுதிக் கொடுத்தவர் கையில்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு யூடியூபே வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 2021-ன் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கு மேல் உரிமைக் கோரிக்கைகள். எதிர்த்துக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படிக் கேட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் ஜெயித்தார்கள். கேட்காதவர்களில் எத்தனை பேர் ஜெயித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

┌ பெட்டி: 72-ம் 6,871 கோடியும்
பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆதரவில் வெங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை' எழுதினார். ஸ்வரங்களை எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டு 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்தார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்ததாக அவர் சொன்னது 19.
2020-ல் அமெரிக்க வழக்கறிஞர் டேமியன் ரீல், புரோகிராமர் நோவா ரூபின் இருவரும் அதே வேலையை மெட்டுக்குச் செய்தார்கள். 8 ஸ்வரம், 12 தட்டு. கம்ப்யூட்டர் உண்டாக்கிய மெட்டுகள் 6,871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736. எல்லாவற்றையும் பொதுச்சொத்தாக அறிவித்து, 'இனி யாரும் மெட்டுக்காக வழக்குப் போடாதீர்கள்' என்றார்கள்.
72 மேளமும் வகுத்த வெங்கடமகி அத்தனையிலும் கீர்த்தனை போட்டதாக யாரும் சொல்வதில்லை. பட்டியல் போடுவது வேறு, பாட்டுப் போடுவது வேறு.
└

'ஏழு விநாடி வரை எடுக்கலாமாமே?'

கேள்விப்படாதவர் இல்லை. ஏழு விநாடி, எட்டு விநாடி, முப்பது விநாடி என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 2008-ல் 'கிரேஸி 4' இந்திப் படத்தின் மீது ராம் சம்பத் போட்ட வழக்கு நல்ல பாடம். சோனி எரிக்சன் விளம்பரத்துக்கு அவர் போட்ட ஜிங்கிளிலிருந்து வந்தது சில விநாடித் துண்டுதான். ஆனால் அந்தத் துண்டில்தான் பாட்டின் உயிர் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டது. பட வெளியீடு சிக்கலில் மாட்டியது. கடைசியில் இரண்டு கோடி ரூபாய்க்குச் சமாதானம்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடலாம். கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிற நாகஸ்வரக்காரரோ, அம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறவரோ உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. மதச் சடங்குக்கும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டத்துக்கும் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. மண்டபங்களில் வசூல் கேட்கிறார்கள் என்று புகார் வந்ததும் 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தெளிவாக்கிப் பொது அறிவிப்பும் விட்டது. புத்தாண்டு இரவில் டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்தும் ஓட்டலுக்கு இந்த விலக்கு இல்லை.

பெயர் இல்லாதவர்களின் மெட்டு

கஷ்டம் எல்லாம் பெயர் இல்லாதவர்களுக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார். அது கீர்த்தனை இல்லை, அந்த நேரத்தில் பிறந்த ஆலாபனை. அதில் ஒரு பிடியைச் சினிமா எடுத்தால் எந்தச் சட்டத்தில் கேட்பது? கலைஞர் தன் நிகழ்ச்சிக்கு உரிமை கோரலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே 1994-ல்தான். அவர் மறைந்தது 1956-ல்.

வயலுக்குப் போனால் நிலைமை இன்னும் கீழே. சம்பா நடவில் பெண்கள் பாடிய பாட்டுக்கு அமைத்தவர் என்று ஒரு பெயர் இல்லை. பத்துப் பேர் குனிந்து நட்டபடி பாடியதை அடுத்த வருடம் பக்கத்து ஊரில் மாற்றிப் பாடியிருப்பார்கள். நடவு மெஷின் வந்தபின் அந்தப் பாட்டு வயலில் அரிதாகி ஸ்டூடியோவில் கேட்கிறது. 'அமைத்தவர் யார்?' என்று டெல்லி அமர்வு கேட்ட கேள்வியை இங்கே கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. முதலில் ஒலிப்பதிவு செய்தவர் பெயர்தான் நிற்கும். டாகர் குடும்பத்துக்காவது ஆம்ஸ்டர்டாம் கச்சேரி இருந்தது, ஆல்பம் இருந்தது, டெல்லியில் வக்கீல் வைக்க வசதி இருந்தது. அதுவே போதவில்லை என்றால், கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் அம்மனுக்குப் பத்துப் பாட்டுக் கட்டி, அதை செல்போனில் மட்டும் வைத்திருக்கிறவர் என்ன செய்வார்?

எனக்கு டெல்லி அமர்வின் தீர்ப்பு சட்டப்படி சரியென்றே படுகிறது. பாடியவரெல்லாம் அமைத்தவர் என்று ஒப்புக்கொண்டால், நாளை தியாகராஜர் கீர்த்தனையை முதலில் ரிக்கார்டு செய்தவரின் பேரன் வந்து நிற்பார். யூடியூபில் அந்தக் கம்பெனி செய்வதும் அதேதான். ஆனால் அத்தாட்சி கொண்டுவா என்று சொல்லும் சட்டம், எழுதி வைக்கிற வழக்கம் இல்லாத மரபைப் பார்த்தும் அதையே சொல்கிறது. அந்தப் பாரம் பலவீனமானவர் தலையில்தான் இறங்கும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தென்னகப் பண்பாட்டு மையமும் இதே ஊரில் இருக்கின்றன. யார் பாடியது என்பதோடு, யார் கட்டிய மெட்டு, யாரிடம் பாடம், எந்த வருடம் என்பதையும் பதிந்து பொதுவில் வைக்கும் ஏற்பாடு ஒன்றை இவை எடுத்துச் செய்ய வேண்டும். ஆபிரகாம் பண்டிதர் இதே தஞ்சையில் 1912-லேயே தன் கைக்காசில் சங்கீத மாநாடு கூட்டினார். அரசு நிறுவனங்களால் முடியாதா?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. மெட்டுக் கட்டினால் அன்றைக்கே செல்போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரையும் தேதியையும் வாயால் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குங்கள். சி.டி. போட்டாலும் யூடியூபில் ஏற்றினாலும், 'பாடியவர்' என்பதோடு 'மெட்டு அமைத்தவர்' என்று தனியாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். டெல்லி வழக்கு தடுக்கி விழுந்தது அந்த ஒரு வரி இல்லாமல்தான். பழைய கீர்த்தனைக்கு உரிமைக் கோரிக்கை வந்தால் பயந்து வீடியோவை எடுத்துவிடாதீர்கள். அமைத்தவர் மறைந்த வருடத்தைக் குறிப்பிட்டு மறுப்புத் தெரிவியுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள்தான் அவகாசம். காப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் செய்தால் நீதிமன்றத்தில் முதல் சான்றாக நிற்கும். காப்புரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓர் இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.